ஏற்காட்டுக் காப்பி வேர்க்கட்டையை மீன் தொட்டியில் இறக்குவது எப்படி

கட்டை மிதக்கிறது, என்ன செய்வது? மீன் தொட்டிக்குள் மரம் வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். அதற்குப் பதில் சுலபம். பொறுமை இருந்தால் ஊறப்போடுங்கள், இல்லையென்றால் கல்லைக் கட்டுங்கள். அதைவிட முக்கியமான கேள்வியை யாரும் கேட்பதில்லை: இந்தக் கட்டை நம் கைக்கு வருவதற்கு முன்னால் எங்கே நின்றது, என்னென்ன மருந்து குடித்தது? சேலத்துக்காரர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும், ஏனென்றால் நமக்கு விறகு விலைக்கும் சில சமயம் சும்மாவும் கிடைப்பது ஏற்காட்டுக் காப்பிச் செடியின் வேர்க்கட்டை. பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டிக்குள் போட முடியாது.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்ததிலிருந்து அங்கே எஸ்டேட்டுகளில் செடி நடுவதும், வயதாகிக் காய்ப்பு குறைந்ததைப் பிடுங்குவதும் நடந்துகொண்டேதான் இருக்கிறது. பிடுங்கிய செடியின் அடிக்கட்டையும் வேரும் விறகாகப் போகும். கவாத்து பண்ணிப் பண்ணி முறுகிப்போன அடி, நாலு பக்கமும் விரிந்த வேர், கெட்டியான மரம். கடையில் ஸ்பைடர் வுட் என்று நல்ல விலைக்கு விற்பதற்கு இது ஒன்றும் குறைச்சல் இல்லை என்பது என் கருத்து. தண்ணீரில் சீக்கிரம் இற்றுப்போவதும் கிடையாது.

இனி மருந்து விஷயம். சேர்வராயன் மலையில் பெரும்பாலும் அரபிகா. அரபிகாவுக்கு இரண்டு பெரிய தலைவலி, இலைத்துரு நோய் ஒன்று, தண்டைக் குடைகிற வெள்ளைத் துளைப்பான் வண்டு இன்னொன்று. துருவுக்கு அடிப்பது போர்டோ கலவை, அதாவது மயில்துத்தமும் சுண்ணாம்பும். மயில்துத்தம் என்றால் தாமிரம். வருஷா வருஷம் அடித்த தாமிரம் பட்டையிலும் செடியடி மண்ணிலும் தங்கிவிடும், அது மக்கிப்போகிற பொருள் இல்லை, கொதிக்க வைத்தாலும் ஆவியாகிப் போகாது. மீனாவது கொஞ்சம் தாங்கும், இறால் வகைகளும் நத்தையும் துளியூண்டு தாமிரத்துக்கே செத்துப்போகும். துளைப்பானுக்கு அடித்தண்டில் பூச்சிமருந்து தடவுகிற வழக்கமும் உண்டு, குளோர்பைரிபாஸ் மாதிரியான சரக்கு. அது மீனுக்கும் கடும் விஷம், இறாலுக்குக் கேட்கவே வேண்டாம்.

ஆகவே காப்பிக் கட்டை வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன்னால், கடைசியாக எப்போது மருந்து அடித்தது, தண்டில் என்ன தடவியது என்று கேளுங்கள். எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், ஒளிக்கவும் மாட்டார்கள். தண்டில் பூச்சிமருந்து தடவிய செடி என்று தெரிந்தால் அந்தக் கட்டையை விட்டுவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. போர்டோ மட்டும்தான் அடித்தது என்றால் பட்டையை முழுக்க உரித்து, மேல் மரத்தையும் ஒரு சுற்றுச் சீவிவிட்டு மீனுக்குப் பயன்படுத்தலாம், இறால் தொட்டிக்கு வேண்டாம். வீட்டுத் தேவைக்காக இரண்டு மூன்று செடி வைத்து மருந்தே அடிக்காத தோட்டங்களும் மலைக் கிராமங்களில் இருக்கின்றன, அங்கே கிடைத்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். தண்டில் ஓட்டை ஓட்டையாக இருந்து, ஓட்டைக்குள் மரத்தூள் இறுகி அடைத்திருந்தால் அது துளைப்பான் குடைந்தது. அந்த மாதிரிக் கட்டையைக் கீழே கொண்டுவரவே வேண்டாம், உள்ளே புழு இருக்கலாம். எஸ்டேட்காரர்களே அதைப் பிடுங்கி எரித்துவிடத்தான் பார்ப்பார்கள்.

காப்பியே வேண்டாம் என்றால் வேறு என்ன? காய்ந்த கொய்யாக் கிளை அருமையாக இருக்கும், வழவழப்பாக, கிளை கிளையாக. புளியமரத்தின் வைரம் பாய்ந்த துண்டு கனமானது, சீக்கிரம் மூழ்கும். மாமரம் பரவாயில்லை, ஆனால் சில மாதங்களிலேயே மெத்தென்று ஆகத் தொடங்கும். வேண்டவே வேண்டாம் என்பவை: அரளி, கள்ளி வகைகள், பால் வடிகிற எந்த மரமும், தைலமரம், வேம்பு. ஏற்காட்டில் காப்பிக்கு நிழல் தர நிற்கிற சில்வர் ஓக்கையும் நான் சேர்க்க மாட்டேன். வெட்டும்போது அதன் பிசின் சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும், அதைத் தண்ணீரில் ஊறவைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

ஆற்றுக் கட்டைக்கும் ஆசை வரும். மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கும் கோடையில் கரையோரம் வெளுத்துப்போன கட்டைகள் ஒதுங்கிக் கிடக்கும், பல காலம் ஊறிக் காய்ந்தவை, பார்த்தால் விட மனசு வராது. அங்கே எடுக்கலாமா என்று சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டு எடுங்கள். திருமணிமுத்தாற்றில் கிடைப்பதைத் தொடவே தொடாதீர்கள். சாயக் கழிவும் ஊர்ச் சாக்கடையும் குடித்த கட்டையை எத்தனை முறை வேகவைத்தாலும் நம்ப முடியாது. இன்னொன்று, மலையில் காப்புக்காட்டுக்குள் கிடக்கிற சுள்ளியைக்கூட அனுமதி இல்லாமல் எடுப்பது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சுற்றுலா போன இடத்தில் வண்டி டிக்கியில் போட்டுக்கொண்டு சோதனைச்சாவடியில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

இதெல்லாம் எதற்கு என்று தோன்றினால் கடையில் வாங்கிவிடலாம். சென்னைக் கொளத்தூரிலிருந்து (மேட்டூர் பக்கத்துக் கொளத்தூர் இல்லை, அங்கே போய்த் தேடாதீர்கள்) வண்ணமீனோடு மலேசியன் டிரிஃப்ட்வுட், மோபானி, ஸ்பைடர் வுட் எல்லாம் வருகின்றன. முதல் இரண்டும் கனம் அதிகம், பெரும்பாலும் போட்டவுடனே மூழ்கிவிடும். ஸ்பைடர் வுட் மிதக்கும், அதற்கும் கீழே சொல்லப்போகிற வைத்தியம்தான்.

முதலில் உரிப்பது

பச்சை மரம் கூடாது. உள்ளே சாறு இருந்தால் தண்ணீர் கெடும், பூஞ்சை ஏறும், நாற்றம் வரும். காய்ந்ததா என்று பார்க்க, பட்டையில் நகத்தால் கீறுங்கள், அடியில் பச்சையோ ஈரமோ தெரிந்தால் மொட்டை மாடியில் வெயிலில் போடுங்கள். சேலத்துப் பங்குனி சித்திரை வெயில் இதற்கென்றே படைத்தது, ஏற்காட்டு மூடுபனியில் காயப்போட்டால் பூசணம்தான் பூக்கும். மணிக்கட்டு அளவுக்குப் பருமனான பச்சைக் கட்டை சரியாகக் காய மாதக்கணக்கில் ஆகும், அவசரப்பட்டுப் பயன் இல்லை. காய்ந்த கட்டையை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று சத்தம் வரும். மொத்மொத்தென்று கேட்டாலோ விரல் நகம் உள்ளே இறங்கினாலோ அது இற்றுப்போன மரம், அடுப்புக்குத்தான் ஆகும்.

பட்டையைத் துளி விடாமல் எடுக்க வேண்டும். பட்டைக்கு அடியில்தான் பூச்சி, மண், மருந்து எல்லாம் ஒளிந்திருக்கும், அது தண்ணீரில் ஊறிப் பிய்ந்து பில்டரையும் அடைக்கும். காப்பி வேரில் பட்டை காய்ந்தபின் லேசில் வராது. வெந்நீரில் ஊறவிட்டுப் பிறகு மொன்னைக் கத்தியால் சுரண்டினால் தோல் மாதிரி உரிந்து வரும். வேர் இடுக்குகளுக்குக் கம்பி பிரஷ், அதற்கும் எட்டாத இடத்துக்குப் பழைய டூத் பிரஷ். வேர்களுக்கு நடுவே சின்னச் சின்னக் கற்களும் செம்மண்ணும் கடித்துக்கொண்டிருக்கும், குத்தூசி வைத்து நோண்டி எடுங்கள். இந்த வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்கப் போகும் என்று எதிர்பார்த்து உட்காருங்கள். சோப்பு, டிடர்ஜென்ட், பினாயில் எதுவும் பக்கத்திலேயே வரக்கூடாது, மரம் எல்லாவற்றையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெதுவாகத் தொட்டிக்குள் விடும். பிளீச்சிங் தண்ணீரில் ஊறப்போடச் சொல்பவர்கள் உண்டு, நான் அதற்கு ஆதரவு இல்லை. கொதிநீர் செய்யாத எதையும் அது பெரிதாகச் செய்துவிடாது, குளோரினை எடுக்கிற வேலைதான் கூடுதலாகச் சேரும்.

கொதிக்க வைப்பது

வேகவைப்பதால் மூன்று வேலை நடக்கிறது. பூச்சி, முட்டை, பூஞ்சை சாகிறது, கறை கொஞ்சம் இறங்குகிறது, மரத்துக்குள் இருக்கும் காற்று வெளியேறுகிறது. மூன்றாவதுதான் மூழ்குவதற்குச் சம்பந்தப்பட்டது. மரத்தின் நார், அதாவது செல் சுவர், தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனமானது. அப்படியானால் மரம் ஏன் மிதக்கிறது? செல்களுக்குள் அடைத்திருக்கும் காற்றினால். காற்று போய் அந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால் எந்த மரமும் முங்கித்தான் ஆக வேண்டும்.

பழைய அண்டாவை எடுங்கள், மறுபடி அதில் சமைக்காத அண்டாவாக இருக்கட்டும், கறை பிடிக்கும். வாசலிலோ கொல்லையிலோ விறகடுப்பு மூட்டினால் வீட்டில் சண்டை வராது, ஏனென்றால் வேகிற வேரின் வாசனை எல்லோருக்கும் பிடிக்காது. கட்டை முழுதும் தண்ணீருக்கு அடியில் இருக்கும்படி மேலே ஒரு கருங்கல்லை வையுங்கள். கொதி வந்தபின் மணிக்கட்டுப் பருமனுக்கு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் போதும். சேலத்தில் தண்ணீர் ஏறக்குறைய 99 டிகிரியில் கொதிக்கும், 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஏற்காட்டில் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் மலையில் இருப்பவர்கள் கொஞ்சம் கூடுதலாக விடுங்கள். அதற்காக நாள் முழுக்க வேகவைக்காதீர்கள், நார் தளர்ந்து கட்டை சீக்கிரம் இற்றுப்போகும்.

பலர் தவறவிடுகிற இடம் இதற்கு அடுத்தது. கொதித்து முடிந்ததும் கட்டையைச் சூட்டோடு வெளியே எடுக்கக்கூடாது. அடுப்பை அணைத்துவிட்டு அதே தண்ணீரில், கல்லோடு, ராத்திரி முழுக்க ஆறவிடுங்கள். சூட்டில் செல்களுக்குள் நிறைந்திருந்த நீராவி, ஆறும்போது மறுபடி தண்ணீராகிச் சுருங்கும், உள்ளே வெற்றிடம் உண்டாகும், அந்த வெற்றிடம் வெளித் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். சூட்டோடு எடுத்தால் அது இழுப்பது காற்றைத்தான், அவ்வளவு விறகும் வீண். மறுநாள் கறுத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத்தண்ணீரில் திரும்ப ஒரு முறை. இரண்டு மூன்று சுற்றில் சின்னக் கட்டைகள் தானாகவே அடியில் போய் உட்காரும்.

பிரஷர் குக்கரில் போடாதீர்கள், பிய்ந்த நார் வெயிட் வால்வை அடைத்தால் ஆபத்து. மைக்ரோவேவ், ஓவன் இரண்டும் தீப்பிடிக்கிற சமாச்சாரம். அண்டாவில் அடங்காத பெரிய கட்டைக்கு, டிரம்மில் நிறுத்தி மேலிருந்து கொதிநீரை ஊற்றி, பாதி பாதியாகத் திருப்பிப் போட்டு ஊற்றினால் சுமாராக வேலை நடக்கும்.

ஊறப்போடுவது

வேகவைத்தும் மிதக்கிறதா, பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு மேலே கல் வைத்துவிடுங்கள். பென்சில் கனக் கிளைகள் ஓரிரு வாரத்தில் முங்கும், முழங்கைக் கனத்துக்கு ஒரு மாதமோ அதற்கு மேலுமோ ஆகும், வைரம் பாய்ந்த பெரிய அடிக்கட்டை பல மாதம்கூட எடுக்கும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். கறைக்காக மட்டும் சொல்லவில்லை, டெங்கு கொசு முட்டையிட்டுப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். மாநகராட்சியிலிருந்து புழு பார்க்க வருகிறவர்கள் முதலில் எட்டிப் பார்ப்பது மூடாத டிரம்மைத்தான். மேலே ஒரு வலைத்துணியைக் கட்டிவிடுங்கள்.

போர் தண்ணீரைவிடக் குழாயில் வருகிற மேட்டூர்த் தண்ணீர் இதற்கு நல்லது. சேலத்தின் பல பகுதிகளில் போர் தண்ணீர் நல்ல கடினம், கட்டையின் மேல் வெள்ளைப் படிவு விட்டுவிடும்.

கல்லைக் கட்டுவது

காத்திருக்க முடியாது, இந்த வாரமே தொட்டி செட் பண்ண வேண்டும் என்றால் இதுதான் வழி. எவ்வளவு கல் வேண்டும்? கட்டையை பக்கெட் தண்ணீரில் மிதக்கவிட்டு அதில் கற்களை ஒரு பையில் கட்டித் தொங்கவிடுங்கள், பையும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். கட்டை இறங்கத் தொடங்கும்போது இருக்கிற எடையோடு இன்னும் பாதி சேர்த்துக்கொள்ளுங்கள், மீன் முட்டினாலும் புரளாது. கணக்காகப் பார்த்தால், ஒரு கிலோ எடையுள்ள கட்டை, லிட்டருக்கு 700 கிராம் அடர்த்தி என்று வைத்துக்கொண்டால், அதை அமுக்கக் கிட்டத்தட்ட 700 கிராம் கிரானைட் வேண்டும். தண்ணீருக்குள் கல்லும் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழக்கும், அதனால்தான் இவ்வளவு.

என்ன கல் என்பதில் நம்ம ஊரில் கவனம் வேண்டும். சமையல் மேடைக்கு அறுத்த கிரானைட் துண்டு எந்தக் கல் பட்டறையிலும் கழிவாகக் கிடக்கும், அது நல்லது. சேர்வராயன் மலையின் பாறையே சார்னோகைட், அதுவும் தண்ணீரில் கரையாத கெட்டிக் கல். கடப்பாக்கல் பார்க்கக் கறுப்பாக வழவழவென்று இருந்தாலும் சுண்ணாம்புக்கல் வகை, மெல்ல மெல்லக் கடினத்தை ஏற்றும். சேலத்து வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், அதையும் தவிர்த்துவிடுங்கள். கல்லின் மேல் வினிகர் விட்டு நுரைக்கிறதா என்று பார்ப்பது வழக்கம், கடப்பாக்கல்லைப் பொடி சுரண்டி விட்டால் நுரைத்துக் காட்டிக்கொடுத்துவிடும், மேக்னசைட்டோ குளிர்ந்த அமிலத்தில் நுரைக்காமல் ஏமாற்றும். அதனால் அந்த வெள்ளைக் கல்லைச் சோதனையை நம்பிச் சேர்க்காதீர்கள்.

கிரானைட் துண்டில் கல் துளையிடும் பிட்டால் இரண்டு ஓட்டை போட்டு, அடியிலிருந்து ஸ்க்ரூ ஏற்றிக் கட்டையைப் பிடியுங்கள். ஒரே ஸ்க்ரூ என்றால் கட்டை சுழலும், இரண்டு வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ மட்டும்தான். உருக்காலை வைத்திருக்கிற ஊரில் இருந்துகொண்டு துருப்பிடிக்கிற ஆணியை அடிக்காதீர்கள். ஜிங்க் பூசியது, பித்தளை, தாமிரக் கம்பி எல்லாம் தண்ணீரில் உலோகத்தை விடும். ஈயக் குண்டும் வேண்டாம். துளையிட மனமில்லையென்றால் நைலான் டேக் போட்டுக் கல்லோடு இறுக்கி, மணலால் மறைத்துவிடலாம். சிலிக்கான் மரத்தில் ரொம்ப நாள் பிடிக்காது, அதை நம்ப வேண்டாம்.

தொட்டிக்குள் வைக்கும்போது மணல் கொட்டுவதற்கு முன்னால் வையுங்கள், கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மெல்லிய ஃபோம் ஷீட் ஒன்று. மிதக்காமல் இருக்கட்டும் என்று கட்டையை இரண்டு பக்கக் கண்ணாடிக்கும் நடுவே ஆப்பு மாதிரி இறுக்கி வைப்பவர்கள் இருக்கிறார்கள். மரம் ஊற ஊற உப்பும், கண்ணாடி விட்டுக்கொடுக்காது, அப்புறம் ஹாலெல்லாம் தண்ணீர்தான். சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி விட்டால் கண்ணாடி துடைக்கவும் கை போகும்.

தண்ணீர் நிறம் மாறினால்

எவ்வளவு ஊறவைத்தாலும் கொஞ்ச நாள் தண்ணீர் டீ நிறத்துக்கு வரும். அது டானின், மரத்திலிருந்து கசிகிற கறைச் சத்து, பாதாம் இலை போடும்போது வருவதும் அதுதான். டெட்ரா, ஏஞ்சல், ஃபைட்டர் மாதிரி மீன்களுக்கு அது பிடிக்கும். கண்ணுக்குப் பிடிக்கவில்லையென்றால் வாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றுவதும் பில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் வைப்பதும் போதும். டானின் பிஎச்சைக் குறைக்கும் என்பது உண்மை, ஆனால் சேலத்துப் போர் தண்ணீரில் கார்பனேட் நிறைய இருப்பதால் பெரிதாக அசையாது. மழைநீர் பிடித்து ஊற்றுகிறவர்களுக்குத்தான் இறங்கும், அவர்கள் பிஎச் பார்த்துக்கொள்ளட்டும்.

கட்டையை இறக்கி ஒரு வாரத்துக்குள் மேலே வெள்ளையாகக் கோழை மாதிரி ஒரு படலம் வரும். எல்லோரும் பயந்து கட்டையை வெளியே தூக்குவது இப்போதுதான். பயப்பட வேண்டாம், மரத்திலிருந்து கசிகிற சர்க்கரைச் சத்தைத் தின்னும் பூஞ்சையும் பாக்டீரியாவும்தான் அது, சில வாரங்களில் தானே போகும். நத்தை விரும்பித் தின்னும். அருவருப்பாக இருந்தால் தண்ணீர் மாற்றும்போது டியூபால் உறிஞ்சிவிடுங்கள். ஆனால் அழுகின முட்டை நாற்றம் வந்தாலோ மரம் கையில் பிசுபிசுத்து உதிர்ந்தாலோ கட்டையை எடுத்துவிட வேண்டியதுதான்.

மருந்து பற்றிக் கடைசிச் சந்தேகம் இருந்தால், தொட்டிக்கு முன்னால் கட்டையை ஒரு பக்கெட் தண்ணீரில் ஒரு வாரம் போட்டு, தொட்டிச் செடியோடு வந்து வேண்டாமல் பெருகியிருக்கும் குட்டி நத்தைகள் சிலவற்றை அதில் விட்டுப் பாருங்கள். ஓட்டுக்குள் சுருங்கிக்கொண்டு அசையாமல் கிடந்தால் அந்தக் கட்டை அடுப்புக்குக்கூட வேண்டாம், குப்பைக்குப் போகட்டும். அவை சாதாரணமாக ஊர்ந்து மேய்ந்தாலும், எஸ்டேட் கட்டை என்றால் இறால் தொட்டிக்கு நான் போட மாட்டேன்.

எல்லாம் சரியாகிவிட்டால் கட்டையில் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், பாசி எதையாவது பருத்தி நூலால் கட்டுங்கள், வேர் பிடித்தபின் நூல் தானே மக்கிவிடும். மரத்தைச் சுரண்டித் தின்னும் என்று சக்கர் மீனை வாங்கி விடுபவர்கள் அது ஒரு அடிக்கு மேல் வளரும் என்பதை யோசித்து வாங்குங்கள், வளர்ந்தபின் ஏற்காடு ஏரியிலோ காவிரியிலோ கொண்டுபோய் விடாதீர்கள். தொட்டியைக் கழுவவோ வீடு மாறவோ வேண்டி வந்தால் கட்டையைத் தண்ணீர் நிறைந்த பக்கெட்டிலேயே வைத்திருங்கள், பெரியதாக இருந்தால் ஈரச் சாக்கில் சுற்றுங்கள். நன்றாகக் காயவிட்டால் மறுபடி மிதக்க ஆரம்பித்துவிடும், அண்டாவிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டியிருக்கும்.